வைண்டிங் அக்கா பதில்கள்

பல்லடத்தில் எங்கள் கடை இருக்கிறது. வீட்டுக்காரர் காடு காடாகப் (எங்கள் பக்கம் தோட்டத்தைக் காடு என்போம்) போய் மோட்டார் ஏற்றி இறக்குவார். நான் கடையில் உட்கார்ந்து காயில், அதாவது மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் கம்பிச் சுருள், கட்டுவேன். 27 வருஷம் இப்படியே ஓடிவிட்டது. போர்வெல் மோட்டார் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் எழுதியதற்கு ஒரு மஞ்சப்பை நிறையக் கடிதம் வந்துவிட்டது. ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: பதினான்கு மாதத்தில் மூன்று தடவை எங்கள் 7.5 எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார் காயில் போய்விட்டது. மூன்று தடவையும் வேறு வேறு கடையில்தான் கட்டினோம். கம்பி மட்டமா, கட்டியவர்கள் மட்டமா? பேசாமல் புது மோட்டார் வாங்கிவிடலாமா அக்கா?
— விவசாயி, தாராபுரம் பக்கம்

வாங்கலாம் அண்ணா. ஆனால் அந்தப் புது மோட்டாரையும் அதே ஸ்டார்ட்டரில்தானே மாட்டப் போகிறீர்கள்? அதனால் கொஞ்சம் பொறுங்கள். முதலில் ஒன்று சொல்லுங்கள், எரிந்த காயிலை நீங்கள் பார்த்தீர்களா? மூன்று தடவையும் கடைக்காரர் வெட்டி எடுத்து எடைக்குப் போட்டிருப்பார். அதைப் போடுவதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் குனிந்து பார்த்திருந்தால் இரண்டாவது தடவை எரிந்தே இருக்காது.

சப்மெர்சிபிள் மோட்டாருக்குள் இருப்பது மிக்சி, கிரைண்டர் மோட்டாரில் உள்ள எனாமல் கம்பி கிடையாது. செம்புக்கு மேல் பிளாஸ்டிக் சுற்றிய கம்பி. தண்ணீர் நிரப்பிய மோட்டாரில் அது ஆயுசுக்கும் தண்ணீரிலேயே ஊறிக் கிடக்கும். கம்பி போகும் பள்ளமான ஸ்லாட்டும் வாய் மூடிய குழாய் மாதிரி இருக்கும். சாதா மோட்டாரைப்போல முன்கூட்டியே சுற்றி வைத்த காயிலை உள்ளே அமுக்க முடியாது. ஒவ்வொரு சுற்றையும் ஊசியில் நூல் கோர்ப்பதுபோல இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் இழுக்க வேண்டும். இழுக்கும்போது ஸ்லாட் விளிம்பில் ஒரு கீறல் விழுந்தால் போதும், கதை முடிந்தது. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், கட்டியவர் தப்புக்கும் ஓட்டியவர் தப்புக்கும் காயிலில் வேறு வேறு அடையாளம் இருக்கும்.

ஒரே இடத்தில் மட்டும் சின்னதாகப் பொத்துக்கொண்டு, மற்ற இடமெல்லாம் நன்றாக இருந்தால் என்னைப்போல ஒருத்தர் கம்பி இழுக்கும்போது கீறிவிட்டார், இல்லாவிட்டால் இடி இறங்கியிருக்கிறது. மூன்று பேஸ் காயிலும் ஒரே மாதிரி உருகிப் பிசுபிசுவென்று இருந்தால் ஓவர்லோடு. வோல்டேஜ் குறைந்து ஓடியிருக்கும், அல்லது பம்ப் மண் கட்டி இறுகியிருக்கும். ஸ்டார் கனெக்‌ஷன் (மூன்று காயிலின் ஒரு முனையை ஒன்றாக முடிந்தது) மோட்டாரில் இரண்டு பேஸ் கருகி, மூன்றாவது மட்டும் நேற்றுக் கட்டினாற்போல இருந்தால், லைனில் ஒரு பேஸ் வராமலே மோட்டார் ஓடியிருக்கிறது. டெல்டாவாக (மூன்றையும் முனைக்கு முனை வளையமாகச் சேர்த்தது) இருந்தால் தலைகீழ், ஒரு பேஸ் மட்டும் கருகும்.

எங்கள் பக்கம் வருவதில் பாதிக்கு மேல் இப்படி ஒரு பேஸ் வராமல் எரிந்த வகைதான். டிரான்ஸ்பார்மரில் ஒரு ப்யூஸ் போயிருக்கும். ஓடிக்கொண்டிருந்த மோட்டார் நிற்காது, மிச்சம் இரண்டு பேஸில் முக்கிக்கொண்டே ஓடும். அதைத் தடுக்கத்தான் சிங்கிள் பேஸ் பிரிவென்டர் என்று ஒன்று இருக்கிறது. ஸ்டார்ட்டரிலேயே இருக்கும். ஆனால் முறை வைத்து விடும் த்ரீ பேஸ் ஷிப்ட் கரண்ட் போய் டூ பேஸ் வரும் நேரத்தில் கண்டன்சர் போட்டு மோட்டாரை ஓட்டுகிறோமே, அப்போது இந்தப் பிரிவென்டர் ஓட விடாது. அதனால் எலக்ட்ரீஷியன் ஒரு துண்டு வயரைப் போட்டு அதை பைபாஸ் பண்ணிவிடுவார். அப்புறம் த்ரீ பேஸ் வந்தாலும் அந்த வயர் அப்படியேதான் இருக்கும். உங்கள் ஸ்டார்ட்டரில் அப்படி ஒரு துண்டு வயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பந்தயம் கட்ட மாட்டேன், ஆனால் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

என் கதை ஒன்று சொல்கிறேன். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவர் ஒரே மோட்டாரை மூன்று தடவை கொண்டுவந்தார். மூன்று தடவையும் கட்டிக் கொடுத்தேன், மூன்று தடவையும் காசு வாங்கினேன். ஏன் எரிகிறது என்று கேட்கவே இல்லை. நாலாவது தடவை வந்தபோது வீட்டுக்காரர்தான் ஸ்டார்ட்டரைத் திறந்து பார்த்தார். மோட்டார் நேம்பிளேட்டில் 14 ஆம்ஸ். ஆம்ஸ் கூடினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயில் முள்ளை 22இல் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். கேட்டதற்கு, "அடிக்கடி ட்ரிப் ஆச்சுங்க, அதான் கூட்டி வெச்சோம்" என்றார். ரிலே ஏன் ட்ரிப் ஆனது? அவர் காடு லைனின் கடைசியில் இருந்தது, 415 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 340தான் வந்தது. வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் அதே வேலைக்கு ஆம்ஸைக் கூடுதலாக இழுக்கும். கத்திக்கொண்டிருந்த ரிலேயின் வாயைக் கட்டிவிட்டு மோட்டாரை ஓட்டியிருக்கிறார்கள். நானும் மூன்று தடவை கூலி வாங்கியிருக்கிறேன். அந்த நாலாவது தடவைக்குக் கூலி வாங்கவில்லை என்பதைத் தவிர எனக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

சரி, உங்களுக்கு வருவோம். பிரிவென்டரை மறுபடி உயிர்ப்பிக்கச் சொல்லுங்கள். ரிலே முள்ளை நேம்பிளேட் ஆம்ஸுக்குக் கொண்டுவாருங்கள். 350 வோல்ட்டுக்குக் கீழே போனால் மோட்டாரை நிறுத்திவிடுங்கள். ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருந்தால், கரண்ட் வந்த நொடியே எடுக்காமல் இரண்டு மூன்று நிமிஷம் தள்ளி எடுக்கும்படி டைமர் வையுங்கள். ஊரில் எல்லா மோட்டாரும் ஒன்றாக எடுத்தால் வோல்டேஜ் எங்கே நிற்கும்? அப்புறம், மோட்டார் நன்றாக ஓடுகிற நாளில் மூன்று பேஸிலும் எவ்வளவு ஆம்ஸ் என்று பார்த்து, ஸ்டார்ட்டர் கதவின் உள்பக்கம் பென்சிலால் தேதி போட்டு எழுதி வையுங்கள். மாதம் ஒரு தடவை எழுதினால் போதும். மூன்றும் ஏறிக்கொண்டே போனால் பம்பில் ஏதோ இறுகுகிறது. மூன்றும் இறங்கினால் தண்ணீர் குறைகிறது. ஒன்று மட்டும் மற்ற இரண்டிலிருந்து விலகிப் போனால் லைனையோ ஜாயிண்ட்டையோ பாருங்கள். இதெல்லாம் செய்த பிறகும் எரிந்தால் காயிலை வெட்டாமல் அப்படியே என்னிடம் கொண்டுவாருங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

கேள்வி: மோட்டார் ஓடும்போது பாத்ரூம் குழாயைத் தொட்டால் கை சுர்ரென்று இருக்கிறது. செருப்புப் போட்டுக்கொண்டால் தெரியவில்லை. இது சாதாரணம்தான் என்று எலக்ட்ரீஷியன் சொல்கிறார்.
— ஆசிரியை, சிவகங்கை

டீச்சர், இதைப் படித்து முடித்ததும் போய் எம்.சி.பி.யை இறக்கிவிடுங்கள். இது சாதாரணம் இல்லை. தண்ணீரோடு ஈரக்காலில் நிற்கும்போது சுர்ரென்பது என்றைக்கு உயிரை எடுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நடப்பது இதுதான். போருக்குள் இறங்கும் கேபிள் எங்கோ கேசிங் பைப்பில் உரசித் தோல் போயிருக்கும், அல்லது மோட்டார் ஜாயிண்ட்டில் தண்ணீர் இறங்கியிருக்கும், அல்லது காயிலே கசியும். கசியும் கரண்ட் மண்ணுக்குப் போக நல்ல எர்த் இல்லாததால் உங்கள் கை வழியாகப் போகிறது. பேனலில் வயரைக் கழற்றிவிட்டு, கசிவு பார்க்கும் 500 வோல்ட் மெக்கர் மீட்டர் வைத்துக் கேபிளுக்கும் எர்த்துக்கும் நடுவே பார்க்க வேண்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் மோட்டாரை வெளியே எடுத்தே ஆக வேண்டும். டெஸ்டர் எரிகிறதா இல்லையா என்று பார்ப்பதெல்லாம் இதற்குப் போதாது.

சில பேர் இதற்கு ஒரு வைத்தியம் செய்வார்கள்: மோட்டாரின் எர்த் வயரைக் கொண்டுபோய் நியூட்ரலில் முடிந்துவிடுவது. சுர்ரென்பது நின்றுவிடும். வெளியே நியூட்ரல் அறுந்தால் என்னாகும் தெரியுமா? குழாய் முழுக்க 230 வோல்ட். உங்கள் எலக்ட்ரீஷியன் அதைச் செய்ய வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

தனி எர்த் குழி, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே விழுகிற சுவிட்ச்), இரண்டும் வேண்டும். மாட்டிய பிறகு அது அடிக்கடி விழுகிறது என்றால் அதைக் கழற்றுவது தீர்வு ஆகாது. கசிவை அது கண்டுபிடித்துச் சொல்கிறது, அவ்வளவுதான். இதோடு இன்னொன்று: கீழ்த்தொட்டிக்குள் சின்ன சப்மெர்சிபிள் போட்டிருப்பவர்கள், தொட்டி கழுவ ஆள் இறக்கும் முன் சுவிட்சை அணைப்பதோடு பிளக்கையும் பிடுங்கிக் கண்ணில் படுகிற மாதிரி வெளியே தொங்கவிடுங்கள்.

கேள்வி: புது போர் 650 அடி. 280 அடியில் தண்ணீர் நிற்கிறது. மாமா 3 எச்.பி. போடு என்கிறார், கடைக்காரர் 2 என்கிறார். வீட்டுக்கு மட்டும்தான்.
— ஆரணி

மாமாவிடம் மரியாதையாகவே சொல்லுங்கள், போர் எத்தனை அடி என்பதை வைத்து எச்.பி. முடிவு செய்வதில்லை. 280 அடி என்பது மோட்டார் ஓடாதபோது இருக்கும் மட்டம். ஓட ஆரம்பித்தால் இறங்கும். ஒரு மணி நேரம் இறைத்த பிறகு எங்கே நிற்கிறது என்பதுதான் கணக்கு. அது 340 என்று வைத்துக்கொள்வோம். மேல்தொட்டி 30 அடி உயரம், பைப் உராய்வுக்கு ஒரு 20 அடி. மொத்தம் 390 அடி, அதாவது கிட்டத்தட்ட 120 மீட்டர். இதைத்தான் ஹெட் என்பார்கள். கடையில் போய் "120 மீட்டர் ஹெட்டில் நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் தரும்?" என்று கேளுங்கள். பெட்டிக்குள் அந்த அட்டவணை இருக்கும். 4 இன்ச் பம்பில் 1.5 எச்.பி.யே நிமிஷத்துக்குச் சுமார் 25 லிட்டர் தரும். ஆயிரம் லிட்டர் தொட்டி 40 நிமிஷத்தில் நிரம்பிவிடும். வீட்டுக்கு இதற்கு மேல் எதற்கு? ஹெட் கூடுதலான பம்பைக் குறைந்த உயரத்தில் போட்டால் அது தேவைக்கு மேல் தண்ணீரை அள்ளும், ஆம்ஸ் ஏறும், போரும் சீக்கிரம் காலியாகும்.

மோட்டாரை எங்கே நிறுத்துவது என்பதுதான் எனக்கு முக்கியமான விஷயம், அதை நீங்கள் கேட்கவில்லை. சப்மெர்சிபிளில் மோட்டார் அடியில், தண்ணீர் உறிஞ்சும் சல்லடை நடுவில், பம்ப் மேலே. ஏன் இப்படி என்று யோசித்திருக்கிறீர்களா? கீழிருந்து வரும் தண்ணீர் மோட்டாரை உரசிக்கொண்டு மேலேறிச் சல்லடைக்குப் போக வேண்டும். அந்த ஓட்டம்தான் அதற்கு ஃபேன். உங்கள் போரில் ஊற்று 500 அடியில் வந்ததா, 320 அடியில் வந்ததா? போர் போட்ட வண்டிக்காரரிடம் கேளுங்கள், எத்தனையாவது அடியில் ஈரம் தட்டியது என்று அவருக்கு ஞாபகம் இருக்கும். 500 என்றால் கவலை இல்லை. மோட்டாரை 400 அடியில் நிறுத்தினால் தண்ணீர் கீழிருந்து அதைத் தாண்டித்தான் வரும். ஊற்று எல்லாம் மேலேயே இருந்தால் தண்ணீர் மேலிருந்து நேராகச் சல்லடைக்குள் போய்விடும், மோட்டாரைச் சுற்றி இருப்பது அசையாமல் சூடாகும். அப்போது மோட்டாரைச் சுற்றி ஒரு உறை மாட்டி இறக்க வேண்டும். திறந்த கிணற்றில் போர்வெல் மோட்டாரைக் கட்டித் தொங்கவிடுபவர்களுக்கும் இதே கதைதான். அடிமண்ணிலிருந்து குறைந்தது 10 அடியாவது மேலே நிற்கட்டும். 650 அடி போரில் உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

கேபிளில் மிச்சம் பிடிக்காதீர்கள். 1.5 எச்.பி. சிங்கிள் பேஸ் சுமார் 10 ஆம்ஸ் இழுக்கும். பேனல் வரைக்கும் 450 அடி என்றால், 1.5 ஸ்கொயர் (செம்பின் குறுக்குப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில்) கேபிளில் வழியிலேயே 33 வோல்ட் போய்விடும், 2.5இல் 20, 4இல் 13. கரண்டு ஆபீஸ் கொடுப்பதே 200 என்றால் மிச்சம் என்ன இருக்கும் என்று நீங்களே கழித்துப் பாருங்கள்.

கேள்வி: மோட்டாரைத் தலைகீழாகச் சுற்றவிட்டால் கெட்டுப்போகுமா?
— திண்டுக்கல்

த்ரீ பேஸில் வயர் மாறினால் சுற்றும். தண்ணீர் குறைவாக வரும், சில சமயம் வரவே வராது. மூன்றில் ஏதாவது இரண்டு வயரை மாற்றி மாட்டிப் பாருங்கள், எதில் தண்ணீர் கூடுதலோ அதுதான் சரியான சுற்று.

கேள்வி: கேபிள் ஜாயிண்ட் நானே போடலாமா? மெக்கானிக் பத்து நிமிஷத்தில் போட்டுவிட்டுப் போகிறார், அதுவே இரண்டாம் மாதம் ஷார்ட் ஆகிறது.
— ஓட்டுநர், அரவக்குறிச்சி

பத்து நிமிஷத்தில் போட்டால் இரண்டு மாதம்தான் வரும். தம்பி, போட்டுப் பழகிய ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தந்தால் நீங்களே போடலாம். எங்கள் வீட்டுக்காரர் போடுவதைச் சொல்கிறேன்.

அவர் முதலில் கை கழுவுவார். சித்திரை வெயிலில் காட்டில் நிற்கும்போது கையில் வியர்வை, கிரீஸ், மண் எல்லாம் இருக்கும். டேப் ஒட்டாததற்குப் பாதிக் காரணம் அதுதான். அப்புறம் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றையும் ஒரே நீளத்தில் வெட்ட மாட்டார், இரண்டு இன்ச் ஏற்றத்தாழ்வு விட்டுப் படிக்கட்டு மாதிரி வெட்டுவார். மூன்று ஜாயிண்ட்டும் ஒரே இடத்தில் விழுந்தால் முடிச்சு தடிக்கும், இறக்கும்போது கேசிங்கில் உரசும், உள்ளே கசிந்தாலும் ஒன்றோடு ஒன்று சேர்ந்துகொள்ளும். ஒரு இன்ச் தோல் சீவி, செம்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, செம்புக் குழாயில் விட்டு நசுக்கி இறுக்கிக் கிரிம்ப் பண்ணுவார். இழுத்துப் பார்ப்பார். பலமாகவே இழுப்பார்.

ரப்பர் டேப் சுற்றுவதில்தான் சூட்சுமம். அதை அப்படியே சுற்றக் கூடாது. இழுத்து, அகலம் குறுகும் அளவுக்கு இழுத்து, ஒரு சுற்றின் மேல் பாதி அடுத்த சுற்று ஏறும்படி சுற்ற வேண்டும். அப்போதுதான் அது ஒன்றோடு ஒன்று இளகி ஒட்டும். ஜாயிண்ட்டோடு நிறுத்தாமல் இரண்டு பக்கமும் நல்ல தோல் மேல் இரண்டு இன்ச் போக வேண்டும், அந்தத் தோலையும் முன்பே உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கியிருக்க வேண்டும். போய் வந்து இரண்டு அடுக்கு. அதற்கு மேல் பி.வி.சி. டேப். மூன்றையும் சேர்த்து மறுபடி ஒரு தடவை எல்லாம்.

முடித்ததும் இறக்கிவிடக் கூடாது. ஒரு வாளித் தண்ணீரில் ஜாயிண்ட்டை மூழ்கவிட்டு ஒரு மணி நேரம் டீ குடிக்கப் போங்கள். வந்து மெக்கர் வையுங்கள். ஒரு தடவை முள் பூஜ்யத்துக்குப் போனது. ஜாயிண்ட்டைப் பிரித்து மறுபடி போட்டார், அப்போதும் பூஜ்யம். கடைசியில் பார்த்தால் கேபிளின் மறுமுனை பக்கத்து வாய்க்காலில் கிடந்திருக்கிறது!

கேபிளைப் பிடித்து மோட்டாரைத் தூக்குவது, இறக்குவது, அது மட்டும் வேண்டவே வேண்டாம். எடை தாங்குவதற்குப் பைப்பும் கயிறும் இருக்கின்றன. கேபிளைப் பத்து அடிக்கு ஒரு கட்டுப் போட்டுப் பைப்போடு சேருங்கள், கொஞ்சம் தளர்வாக.

கேள்வி: புது மோட்டாருக்குள் ஊற்ற ஆர்.ஓ. தண்ணீர் நல்லதா, பேட்டரித் தண்ணீர் நல்லதா?
— சங்ககிரி

நீங்கள் குடிக்கிற சுத்தமான தண்ணீர் போதும். மூடியைத் திறந்து நிமிர்த்தி வைத்து மெதுவாக ஊற்றுங்கள். குமிழி வரும். மோட்டாரை லேசாக ஆட்டுங்கள், இன்னும் கொஞ்சம் வரும். அரை மணி நேரம் விட்டு மறுபடி பார்த்தால் மட்டம் இறங்கியிருக்கும், அதையும் நிரப்பி மூடுங்கள். உள்ளே தண்டைத் தாங்கும் புஷ்ஷுக்கு அந்தத் தண்ணீர்தான் எண்ணெய். "சுத்துதா பார்ப்போம்" என்று தரையில் வைத்துத் தண்ணீர் இல்லாமல் சுவிட்சைத் தட்டி, போருக்குள் போகும் முன்பே புஷ்ஷைத் தின்ற மோட்டார்கள் என் கடைக்கு வந்திருக்கின்றன. எண்ணெய் நிரப்பிய மோட்டார் என்றால் இந்த வேலை இல்லை, கம்பெனியே நிரப்பிச் சீல் வைத்திருக்கும்.

கேள்வி: வீட்டு மோட்டார் சுவிட்ச் போட்டால் "உம்ம்" என்கிறது, தண்ணீர் வரவில்லை. நாலைந்து தடவை போட்டால் ஒரு தடவை எடுக்கிறது.
— ஸ்ரீவில்லிபுத்தூர்

அந்த நாலைந்து தடவையை நிறுத்துங்கள், ஸ்டார்ட்டிங் காயில் அதில்தான் போகும். உம்ம் என்றால் இரண்டு நொடியில் அணைத்துவிட வேண்டும். பெரும்பாலும் பேனல் பெட்டியில் இருக்கும் ஸ்டார்ட் கண்டன்சர் போயிருக்கும், சில நூறு ரூபாய் விஷயம். அணைத்த பிறகும் கண்டன்சரில் கரண்ட் நிற்கும், வெறும் கையை விடாதீர்கள். கண்டன்சர் நன்றாக இருந்தால் வோல்டேஜைப் பாருங்கள், அதுவும் சரி என்றால் பம்புக்குள் மண். மறக்காமல் பெட்டிக்குள் பல்லி இருக்கிறதா என்றும் பாருங்கள். காண்டாக்டுக்கு நடுவே பல்லி சிக்கி உயிரை விட்டதற்கு, போரிலிருந்து மோட்டாரையே தூக்கிக் கடைக்குக் கொண்டுவந்தவர் ஒருத்தர் இருக்கிறார். பேர் சொல்ல மாட்டேன், சொந்தக்காரர்.

கேள்வி: குறைந்த தண்ணீர் உள்ள போருக்குக் கம்ப்ரசர் நல்லதா, சப்மெர்சிபிளா?
— விவசாயி, காங்கேயம்

கம்ப்ரசரில் போருக்குள் சுற்றுகிற சாமான் ஒன்றுமே இல்லை, காற்றுக் குழாய்தான். மண் வந்தாலும், தண்ணீர் தீர்ந்தாலும் எரிவதற்கு உள்ளே எதுவும் கிடையாது. எங்கள் பக்கம் 900 அடி, ஆயிரம் அடிப் போர்களில் அது நிலைத்ததற்குக் காரணம் அதுதான். ஆனால் அதே தண்ணீருக்குக் கரண்ட்டைச் சப்மெர்சிபிளைவிட நிறைய விழுங்கும். தோட்டத்துக்கு மீட்டர் ஓடாததால் நமக்கு வலிப்பதில்லை, அவ்வளவுதான்.

போரில் மண் வரவில்லை என்றால் சின்ன சப்மெர்சிபிள் போட்டு, டிரை ரன் பிரிவென்டர் வைத்து, டைமரில் அரை மணி ஓட்டம் அரை மணி ஓய்வு என்று தொட்டிக்கு விட்டு, தொட்டியிலிருந்து சொட்டு நீருக்கு எடுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடும்போது ஆம்ஸ் ஏறாது, இறங்கும். அதனால் ஓவர்லோடு ரிலே அதைக் கண்டுகொள்ளாது, டிரை ரன்னுக்குத் தனிச் சாமான் வேண்டும். மண் வருகிற போர் என்றால் கம்ப்ரசரே இருக்கட்டும்.

கேள்வி: ஊரில் அப்பா அம்மா மட்டும் இருக்கிறார்கள். நான் போனிலிருந்தே மோட்டார் போட மொபைல் ஸ்டார்ட்டர் வாங்கலாமா?
— பெங்களூரிலிருந்து

வாங்குங்கள் தம்பி, ராத்திரி வரப்பில் பாம்புக்குப் பயந்து அப்பா நடக்க வேண்டாம். ஆனால் இதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். போன ஆடியில் ஒரு காட்டில் வீட்டுக்காரர் மோட்டாரை மேலே எடுத்து, ஜாயிண்ட்டைப் பிரித்துக் கேபிள் முனையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் டக்கென்று காண்டாக்டர் விழுந்த சத்தம். வெளியூரில் இருந்த மகனுக்குக் கரண்ட் வந்ததாக மெசேஜ் போயிருக்கிறது, அவரும் பழக்கத்தில் போனில் தட்டிவிட்டார். அன்றைக்கு மூன்று ப்யூஸ் கேரியரும் வீட்டுக்காரர் சட்டைப் பாக்கெட்டில் இருந்தன. வேலைக்குப் போனால் அவற்றைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வது அவர் வழக்கம். சட்டை எப்போதும் ஒரு பக்கம் தொங்கும், நான் திட்டிக்கொண்டே இருப்பேன். இப்போது திட்டுவதில்லை.

வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்: மெக்கானிக் வந்தால் முதல் வேலை ப்யூஸ் கேரியரைப் பிடுங்கி அவர் கையிலேயே கொடுப்பது. அப்புறம் எல்லோரும் தலையைத் தூக்கி மேலே பார்ப்பது. போருக்கு மேலே லைன் கம்பி போகிறதா? ஜி.ஐ. பைப் ஒன்று 20 அடி. உருவி நிமிர்த்தும்போது அது கம்பியைத் தொட்டால் பிடித்திருந்த அத்தனை பேருக்கும் அடி. கம்பி கிட்டத்தில் இருந்தால் மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான் வேலை.

கேள்வி: மோட்டார் ரிப்பேருக்குக் கொடுத்து 12 நாள் ஆகிறது. போர் வாயில் ஒரு சாக்கைப் போட்டு மூடியிருக்கிறோம். போதும் அல்லவா?
— துறையூர்

போதாது. 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை போருக்குள் விழுந்த நாலு நாளும் நாம் எல்லோரும் டி.வி. முன்னால்தான் உட்கார்ந்திருந்தோம். உச்ச நீதிமன்றம் 2010லேயே சொல்லிவிட்டது, பம்ப் ரிப்பேருக்கு எடுத்த நேரத்தில்கூடப் போரைத் திறந்து விடக் கூடாது என்று. கேசிங் பைப்புக்கு இரும்பு மூடி, போல்ட் நட்டுப் போட்டு இறுக்குங்கள். லேத் பட்டறையில் சொன்னால் அன்றைக்கே செய்து தருவார்கள். இனிமேல் பயன்படுத்தப்போவதில்லை என்கிற போரை மண்ணும் கல்லும் போட்டு அடியிலிருந்து தரை மட்டம் வரைக்கும் நிரப்பிவிடுங்கள். இந்த இதழைக் கீழே வைத்துவிட்டுப் போய் முதலில் அந்தச் சாக்கின் மேல் கனமான பலகைக் கல்லையாவது தூக்கி வையுங்கள்.

கேள்வி: ரீவைண்டிங் பண்ணும்போது பழைய செம்பு யாருக்குச் சொந்தம்? கேட்டால் கடைக்காரர் முகத்தைச் சுளிக்கிறார்.
— திருச்செங்கோடு

உங்களுக்குத்தான் சொந்தம். அதில் சந்தேகமே வேண்டாம். பழைய செம்பைக் கடையே எடுத்துக்கொண்டால் அந்த விலையைக் கூலியில் கழிக்க வேண்டும், எவ்வளவு கழித்தார் என்று சொல்லவும் வேண்டும். மோட்டாரைக் கொடுக்கும்போதே, "வெட்டினதை எடை போட்டுக் காட்டுங்க" என்று சொல்லிவிடுங்கள். புதுக் கம்பி எத்தனை கிலோ ஏறியது என்றும் கேளுங்கள். பழையதும் புதியதும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ரொம்பக் குறைந்தால் சுற்றைக் குறைத்திருக்கிறார், அல்லது கம்பி கேஜை, அதாவது பருமனை, இறக்கியிருக்கிறார். எங்கள் கடைத் தராசு வாசலிலேயே தொங்குகிறது. ஒரு பக்கம் பத்து கிராம் சாயும், அதற்கு நான் ஒரு நட்டைக் கட்டிவைத்திருக்கிறேன்.